இனாமாகக் கிடைத்த 13 மைல்!

“அமெரிக்காக்காரன் பழைய ரோட்டைக்கூட வீணாக்குவதில்லை. சைக்கிள் விடுகிறவர்களுக்கு இனாமாகக் கொடுத்துவிட்டான். இதுதான் ஐயா தனியார் முயற்சியின் பெருமை!” என்று டீக்கடையில் ஒரு நண்பர் மேஜையைத் தட்டிப் பேசினார். பென்ஸில்வேனியா மாகாணத்தில் பிரீஸ்வுட் என்ற ஊருக்குப் பக்கத்தில், கைவிடப்பட்ட நெடுஞ்சாலை 13 மைல் இருக்கிறது. தார் வெடித்துப் புல் முளைத்த அந்தப் பாதையில், இரண்டு இருட்டுச் சுரங்கங்களுக்குள் விளக்கைக் கட்டிக்கொண்டு மக்கள் சைக்கிள் விடுகிறார்கள். இதைத்தான் நண்பர் எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார்.

பாதை இருப்பது உண்மை. இனாம் என்றாரே, அது யார் வீட்டு இனாம்?

அந்தச் சுரங்கங்கள் முதலில் காருக்காகவோ சைக்கிளுக்காகவோ குடையப்பட்டவை அல்ல. 1883இல் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் அதிபதி வாண்டர்பில்ட், தன் போட்டியாளரான பென்ஸில்வேனியா ரயில்வேயை ஒடுக்குவதற்காக அதே மாகாணத்தில் புதிய ரயில் பாதை போடக் கிளம்பினார். இரும்பு ராஜா கார்னெகியும் பணம் போட்டார். தொழிலாளிகள் மலையைக் குடைந்தார்கள். 1885இல் என்ன நடந்தது? இரண்டு முதலைகளும் கடித்துக்கொண்டால் பங்குகளின் விலை சரியுமே என்று வங்கி முதலாளி ஜே. பி. மார்கன் கவலைப்பட்டார். இரு கம்பெனிகளின் தலைவர்களையும் தமது உல்லாசக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். தண்ணீர் மேலேயே பேரம் முடிந்தது. செப்டம்பரில் வேலை நின்றது. பாதி குடைந்த மலை அப்படியே கிடந்தது. கல் உடைத்தவன் கூலிக்கு வேறு ஊர் தேடிப் போனான். துளைகளில் ஐம்பது வருஷம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தனியார் முயற்சியின் பெருமை இதுதான் போலும்!

அதன் பிறகு யார் வந்தது? 1930களின் பெரும் மந்தத்தில் லட்சக்கணக்கானவர் வேலையின்றித் தெருவில் நின்றபோது, மாகாண அரசு அந்தத் துளைகளை வைத்து ஒரு நெடுஞ்சாலை போட முனைந்தது. தனியார் வங்கிகள் கடன் பத்திரம் வாங்க முன்வரவில்லை. சுமார் 7 கோடி டாலர் செலவில், 2 கோடியே 90 லட்சத்துக்குமேல் மத்திய அரசின் மானியம். மீதி அரசு நிறுவனத்தின் கடன். 1938இல் தொடங்கிய வேலை இரண்டே வருஷத்தில் முடிந்தது. 1940 அக்டோபர் 1ஆம் தேதி 160 மைல் சாலை திறக்கப்பட்டது. பொதுப் பணம், தொழிலாளியின் உழைப்பு! இதில் தனியார் முதலாளி எங்கே வந்தார்?

அன்று ஜனங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது: கடன் அடைந்ததும் சுங்கம் எடுக்கப்படும், சாலை எல்லோருக்கும் இலவசம். பிறகு கிழக்கே நீட்டினார்கள், மேற்கே நீட்டினார்கள். புதுக் கடன், புதுப் பத்திரம், பழைய சுங்கம். 2007இல் ஒரு சட்டம் போட்டு, இந்தச் சாலையின் வசூலிலிருந்து மாகாணத்தின் மற்றப் போக்குவரத்துச் செலவுக்கு வருஷம் 45 கோடி டாலர் கட்டச் சொன்னார்கள். (2022க்குப் பிறகுதான் அது 5 கோடியாகக் குறைந்தது.) கடன் 1,000 கோடி டாலரைத் தாண்டிற்று. 2009 முதல் வருஷா வருஷம் சுங்கம் ஏறி வந்திருக்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அந்த 13 மைல் ஏன் தப்பியது? நான்கு வழிச் சாலை சுரங்கத்துக்குள் இரண்டு வழியாகச் சுருங்கியது. கார்கள் மைல் கணக்கில் தேங்கின. இன்னொரு சுரங்கம் குடைவதைவிட மலையைச் சுற்றிப் போவது சல்லிசு என்று கணக்குப் போட்டு, 1968 நவம்பரில் பழைய பாதையை மூடினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அது சாலைப் பரிசோதனைக்குப் பயன்பட்டது. 2001இல் ஒரு பாதுகாப்புச் சங்கத்துக்கு ஒரு டாலருக்குக் கைமாறியது. உலகம் அழிந்தபின் அலையும் மனிதரைப் பற்றிய ‘தி ரோடு’ என்ற சினிமாவுக்கும் இங்கே படம் பிடித்தார்கள். ஜோடனை எதுவும் தேவைப்பட்டிராது!

ஆக, வாக்குக் கொடுத்த இலவசச் சாலை ஜனங்களுக்குக் கிடைத்ததா? கிடைத்தது, கார் ஓடாத 13 மைலில் மட்டும்.

நம்மிலேயே சில தோழர்கள், “சைக்கிளில் உல்லாசம் போவது வேலையற்றவன் வேலை, அதைப் பற்றி நமக்கென்ன?” என்கிறார்கள். இதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தூக்குச் சட்டியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு எட்டு மைல் மிதித்து ராத்திரி ஷிப்டுக்குப் போகிற ஆலைத் தொழிலாளிக்கு, ஒரு நாள் ஓவர்சீயர் முகத்தைப் பார்க்காமல் மகனை முன்னால் உட்கார்த்தி, நிழலில் மிதித்துப் போக ஆசை இருக்காதா? மார்கனின் கப்பலில் பேரம் நடந்த மறு வருஷம், 1886 மே மாதம், அதே அமெரிக்காவில் சிகாகோத் தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தெருவுக்கு வந்தார்களே, எதற்கு? மீதி நேரம் தங்களுக்கு வேண்டும் என்பதற்குத்தான். கதிர் அறுக்கும் சீசனில் விடிவதிலிருந்து இருட்டும்வரை குனிந்து கிடக்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்தப் பெரிய சாலையின் சுங்கச்சாவடி ஊழியர்கள் 2004 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாலையின் சரித்திரத்திலேயே அது முதல் வேலைநிறுத்தம். முதல் நாள் நிர்வாகம் சுங்கம் வாங்காமல் வண்டிகளை விட்டுவிட்டது. ஒரு நாள் இலவசச் சாலை! அதைக் கொடுத்தது யார், நண்பரே? 2020 ஜூனில், நோய்த்தொற்றைக் காரணம் காட்டி, ஏறத்தாழ 500 சுங்க ஊழியர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். காமிரா வசூல் செய்யுமாம். ஊழியரின் சம்பளம் மிச்சமாயிற்று. சுங்கம் குறைந்ததா? 2021இல் மறுபடியும் ஏற்றினார்கள். டீக்கடை நண்பர் இதற்குக் கணக்குச் சொல்லட்டும்.