வெடித்த கைகளுக்குக் கிளிசரின் போதும்



அச்சங்குளம் என்றால் வெளியூரில் இருப்பவர்களுக்கு 2021 பிப்ரவரி 12தான் நினைவுக்கு வரும். பட்டாசு ஆலை விபத்தில் 20 பேருக்கு மேல் பறிகொடுத்த நாள். விபத்து நடந்தால் எல்லோரும் பேசுகிறோம். விபத்து இல்லாத நாள்களில் வேலைக்குப் போய்வரும் அக்கா, மதினிமாரின் கைகளை யாரும் பார்ப்பதில்லை. கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் பட்டு, அது போகத் துணி சோப்பால் தேய்த்துத் தேய்த்து, தோல் வறண்டு வெடிக்கிறது. குழம்பில் கை பட்டால் எரிகிறது.

பிள்ளைகள் போனில் பார்த்து, நூற்றுக்கணக்கில் செலவழித்து சீரம் வாங்கித் தருகிறீர்கள். பாசம் புரிகிறது. ஆனால் மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண கிளிசரினே போதும் என்பது என் கருத்து. விலை கூடிய க்ரீம் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் தண்ணீரை அடுத்துக் கிளிசரின் பெயர்தான் இருக்கும்.

1779இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே இதை ஆலிவ் எண்ணெயிலிருந்து பிரித்தார். சோப்பு காய்ச்சும்போது கூடவே கிடைப்பது. நிறம், மணம் இல்லை. மென்மையான தோலுக்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதே இதன் குணம். அதனால் காய்ந்த கையில் அப்படியே பூசக் கூடாது. நம்மூர் வறண்ட காற்றில் தோலுக்குள் இருக்கும் ஈரத்தையே இழுத்துவிடும். கை கழுவியதும் ஈரத்தோடு நாலைந்து சொட்டு தடவி, மேலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசினால் ஈரம் நிற்கும். எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டாம், வெடிப்பில் எரியும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் மேல் கிளிசரின் விட்டால் சற்று நேரத்தில் தானே தீப்பற்றும் என்று வகுப்பில் பார்த்தது ஞாபகம் இருக்கும். ஆகவே இதை ராத்திரி படுக்கும்முன் மட்டும் பூசுங்கள். வேலைக்குக் கிளம்பும்போது வேண்டாம். பாட்டில் ஆலைக்குள் போகவே கூடாது.

அரிப்புக்கு ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். நாள்பட்டால் தோல் மெலிந்துவிடும். புண்ணாகி நீர் வடிந்தால் தோல் டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று. கிளிசரின் வீட்டு வைத்தியம்தான். கை கழுவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவே சொல்லியிருந்தது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர், கையை அரிக்காத சோப்பு, கழுவ ஐந்து நிமிடம். இது சலுகை இல்லை, உரிமை. என்னிடம் படித்தவர்களில் ஃபோர்மேன்களும் இருக்கிறீர்கள், ஆலை நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன், செய்து கொடுங்கள் தம்பிகளா.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர் (ஓய்வு)