செடித்தொட்டி வெச்சா பசுமை ஆயிடுமா? மக்கள் பூங்காவின் 116 ஏக்கருக்கு முதலில் பதில் சொல்லுங்கள்!

தோழர்களே,

சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் மேற்கே பாருங்கள். இரண்டு கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வெள்ளையாக நிற்பது ரிப்பன் மாளிகை, சென்னை மாநகராட்சியின் தலைமையகம். சிவப்புச் செங்கல்லில் நிற்பது விக்டோரியா பொது அரங்கம். பஸ்ஸிலும் ரயிலிலும் தினமும் கடந்து போறோம். ஆனா இந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் ஒரே பூங்கா என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பூங்காவின் பெயரே 'பீப்பிள்ஸ் பார்க்'. மக்கள் பூங்கா. 1859-60இல் சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் முயற்சியில் உருவானது. பரப்பு 116 ஏக்கர். உள்ளே 11 குளங்கள், மைல் கணக்கில் நடக்கப் பாதைகள், பேண்ட் வாசிக்கும் மேடை, விலங்குக் காட்சிசாலை. அந்தப் பூங்காவுக்குள்தான் 1880களில் பொதுமக்களிடமும் சமஸ்தானங்களிடமும் நன்கொடை வாங்கி இந்த அரங்கத்தைக் கட்டினார்கள். வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்ம ஊர் நம்பெருமாள் செட்டியார்.

விவேகானந்தர் 1897இல் சென்னை மக்களிடம் பேசியது இங்கே. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது இங்கே. சென்னைக்காரர்கள் முதன்முதலில் அசையும் படம் பார்த்த இடங்களில் இதுவும் ஒன்று. ஆக, அரங்கம் மக்களுடையது, பூங்காவும் மக்களுடையது.

இப்போ அந்த 116 ஏக்கர் எங்கே?

விழுங்கியது யார்?

வெளியூர்க்காரனோ, ரியல் எஸ்டேட் முதலாளியோ வந்து விழுங்கவில்லை. அரசுதான் விழுங்கியது. வெள்ளைக்காரன் ஆரம்பித்தான், நம்ம ஆட்சிகள் முடித்து வைத்தன.

1900 வாக்கில் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் ரிப்பன் மாளிகை வந்தது. பிறகு ஸ்டேடியம் வந்தது, இன்று அதுதான் நேரு ஸ்டேடியம். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. எரிந்த நிலம் பூங்காவுக்குத் திரும்பியதா? இல்லை, புறநகர் ரயில் முனையம் ஆனது. அதே 1985இல் விலங்குக் காட்சிசாலை வண்டலூரில் திறக்கப்பட்டது. காலியான இடம் திரும்பியதா? அதுவும் இல்லை. கடைசியாக மெட்ரோ வந்தது.

மிச்சம் என்ன? மை லேடீஸ் பூங்காவும், கட்டடங்களைச் சுற்றிக் கொஞ்சம் புல்தரையும். 11 குளங்களும் போயே போச்சு.

ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "பொதுப் பயன்பாடு." ஏங்க, பூங்கா பொதுப் பயன்பாடு இல்லையா? குளம் பொதுப் பயன்பாடு இல்லையா?

கணக்குப் பார்ப்போம்

சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு ஏக்கரில் மட்டும் சுமார் 56 லட்சம் லிட்டர் விழும். 116 ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 65 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் ஏற்றினால் 54,000 லாரி!

மண்ணும் மரமும் குளமும் இருந்தபோது இதில் பெரும்பங்கு அங்கேயே தங்கியது. இன்று அது கான்கிரீட்டில் விழுந்து, சாக்கடையில் கலந்து, கூவத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் ஓடுகிறது. அவை நிரம்பிவிட்டால் ரோட்டில் நிற்கிறது.

2015 டிசம்பரில் மூழ்கினோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் மூழ்கினோம். ஒரே ஊர் எட்டு வருஷத்தில் இரண்டு தடவை மூழ்குது, நடுவில் ஒரு தடவை தாகத்தில் தவிக்குது. இதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. தண்ணீர் தங்க இடம் விடாததுதான் காரணம். மக்கள் பூங்காவின் கதை அந்தப் பெரிய கதையின் சின்ன நகல். அதுவும் மாநகராட்சியின் சொந்த வாசலில்!

'அழகுபடுத்துதல்' என்னும் ஏமாற்று

அரங்கத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கட்டடத்தைச் சீரமைப்பது சரியான வேலை. நம் சண்டை அதற்கு அடுத்த கட்டத்தில்தான்.

இந்த ஊரில் எந்தப் பூங்காவைப் 'புதுப்பித்தாலும்' என்ன நடக்கிறது? மண்ணை மூடி பேவர் பிளாக், செயற்கை நீரூற்று, கலர் கலரா லைட்டு, செல்ஃபி எடுக்க ஒரு எழுத்துப் பலகை, வரிசையா செடித்தொட்டி. கடைசியில் 'பசுமை' என்று ஒரு போர்டு! மரத்தைச் சுற்றி அடிமரம் வரைக்கும் சிமெண்ட் பூசுகிறார்கள், வேர் மூச்சு விடவே வழியில்லை. 2016இல் வர்தா புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தோமே, பாடம் படித்தோமா?

கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். மின்விசிறிகூட அரிதான காலத்தில், சென்னை வெயிலைத் தாங்குவதற்காகக் கட்டியது இது. தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, உயரமான கூரை, இரண்டு தளத்திலும் வளைவுகளோடு தாழ்வாரம். தாழ்வாரம் வெயிலைத் தடுக்கும், உயரமான கூரை சூட்டை மேலே தூக்கும், எதிரெதிர் சன்னல்கள் காற்றை இழுக்கும், சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். இப்படிப்பட்ட கட்டடத்தின் சன்னல்களை அடைத்து, எல்லா அறையிலும் ஏசி மாட்டி, 'நவீனமயம்' என்று சொன்னால், கரண்ட் பில்லும் ஏறும், சுவரும் ஈரத்தில் ஊறும். தாத்தா கட்டிய காற்றோட்டமான வீட்டை அடைச்சு வெச்சுட்டு, வேர்க்குதுன்னு புலம்புற கதைதான்.

"அப்போ ரயில் வேண்டாமா? ஸ்டேடியம் வேண்டாமா?"

இந்தக் கேள்வியோடு கமெண்டில் வருவார்கள், தெரியும். பதில் சொல்லிவிடுகிறோம். ரயில் வேண்டும், மெட்ரோ வேண்டும், ஸ்டேடியமும் வேண்டும். எதையும் இடிக்கச் சொல்லவில்லை. நாம் சொல்வது இரண்டே இரண்டு: எடுத்தது போதும், இனி ஓர் அங்குலம்கூட எடுக்காதே. எடுத்த நிலத்தில் விழும் மழையை அந்த நிலத்துக்கே திருப்பிக் கொடு.

"பெரிய அரங்கம், கார் நிறுத்த இடம் வேணாமா?" என்றும் கேட்பார்கள். தமிழ்நாட்டிலேயே கார் இல்லாமல் வருவதற்கு இதைவிட வசதியான இடம் உண்டா? புறநகர் ரயில், பார்க் ஸ்டேஷன், பறக்கும் ரயில், மெட்ரோவின் இரண்டு தடங்கள், எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கு. பஸ்ஸோ வாசலிலேயே. இங்கே காருக்காக மண்ணை மூடுவது அநியாயம்.

செய்ய முடியாது என்றும் சொல்லாதீர்கள். கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024இல் அரசு திரும்ப எடுத்தது, அங்கே குளங்களும் வெட்டப்பட்டன. பக்கத்திலேயே சென்ட்ரல் ஸ்டேஷன் கூரையில் சூரிய மின்தகடுகள் ஓடுகின்றன. கிண்டியில் முடியும், சென்ட்ரலில் முடியும், நடுவில் இருக்கும் மாநகராட்சி வளாகத்தில் மட்டும் முடியாதா?

நம் கோரிக்கைகள்

1. ரிப்பன் மாளிகை, விக்டோரியா அரங்கம், மை லேடீஸ் பூங்கா மூன்றையும் ஒரே 'மக்கள் பூங்கா' வளாகமாக அறிவித்து, 1959ஆம் ஆண்டின் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முழுப் பாதுகாப்பு கொடு. இனி அங்கே புதுக் கட்டடம் கூடாது.

2. 11 குளத்தில் ஒன்றையாவது மறுபடி வெட்டு. அரங்கம், மாநகராட்சிக் கட்டடங்கள், ஸ்டேடியம் ஆகியவற்றின் கூரைத் தண்ணீரை அதற்குக் கொண்டுவா. ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் மட்டும் ஆண்டுக்கு 14 லட்சம் லிட்டர் விழுகிறது.

3. தேவையில்லாத இடங்களில் பேவர் பிளாக்கைப் பெயர்த்து எடு. மரத்தடியில் சிமெண்ட்டை உடை.

4. அலங்காரச் செடிக்குப் பதில் புன்னை, புங்கன், மகிழம், இலுப்பை, நாவல், வேம்பு நடு. நட்டு போட்டோ எடுத்தால் போதாது, மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிய கணக்கைக் காட்டு.

5. அரங்கத்தின் பாரம்பரியக் கூரையைத் தொடாதே. சூரிய மின்தகட்டை பின்னால் இருக்கும் அம்மா மாளிகையின் மேல் வை. ஏசியைக் குறை, சன்னலைத் திற.

6. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. அரங்கம் வாடகைக்கு எடுப்பவர் யாராக இருந்தாலும் எவர்சில்வர் டம்ளர், துணி பேனர்தான் என்று விதி போடு. நம்ம கட்சிக் கூட்டமா இருந்தாலும் ஃபிளெக்ஸ் கிடையாது. இதை முதலில் நமக்கே விதித்துக்கொள்கிறோம்.

7. வாடகையை ஏழைக் கலைக்குழுக்களும் கட்டக்கூடிய அளவில் வை. பூங்கா இலவசமாகவே இருக்கட்டும். பசுமை என்ற பெயரில் டிக்கெட் போட்டு மக்களை வெளியே தள்ளாதே.

கடைசியாக

2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. குருவிக்கூடு மாதிரி வீடு வைத்திருப்பவனும் குழாய் போட்டு, தொட்டி கட்டினான். அவன் வீட்டைப் பார்த்து 'எங்கே தொட்டி' என்று கேட்கும் மாநகராட்சியிடம், இப்போது நாம் திருப்பிக் கேட்கிறோம்: உங்க வாசல்ல இருந்த 11 குளம் எங்கே?

வார்டு உறுப்பினர்களே, மாமன்றக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள். தோழர்களே, சென்ட்ரல் பக்கம் போகும்போது மூடிய மண்ணையும் சிமெண்ட் பூசிய மரத்தையும் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். எந்த இடம் என்று குறிப்பிடுங்கள். தொகுத்து, மனுவாக ரிப்பன் மாளிகைக்கே கொண்டுபோவோம்.

மக்கள் பூங்கா மக்களுக்கே!

படியுங்கள், பகிருங்கள்.

#மக்கள்பூங்கா #11குளம்எங்கே #விக்டோரியாஅரங்கம்