பதினெட்டே முக்கால் நொடி

திருப்பதியில் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தோளைப் பிடித்து நகர்த்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. பின்னால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் நிற்கிறார்கள். உள்ளே இருப்பவருக்குக் கால் வலிக்காது, அடுத்த ஊருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை, "எங்கேருந்து வர்றீங்க?" என்று அவர் விசாரிப்பார் என யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. 300 ரூபாய் டிக்கெட் எடுத்தவருக்கும் தர்ம தரிசனத்தில் நின்றவருக்கும் கடைசியில் கிடைப்பது சில நொடிகள்தான். அங்கே பணம் வரிசையை மட்டும்தான் சுருக்குகிறது.

அதே கை அமெரிக்காவில் ஒரு ராக் கன்செர்ட்டின் மேடைக்குப் பின்னால் என் தோளில் விழுந்தபோதுதான் கோபம் வந்தது. ஆன்சைட்டில் இருந்த வருடம் அது. மீட் அண்ட் கிரீட் பேக்கேஜுக்கு 325 டாலர் கட்டியிருந்தேன். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை, ஒரு போஸ்டர், பேண்டுடன் ஒரு போட்டோ. பேண்டின் பெயர் வேண்டாம். சொன்னால் இது அவர்களைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அவர்களிடம் கேட்க என்னிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டு. பாடகர் மூச்சை நிறுத்தும் இடத்தில் டிரம்ஸ் ஒரு கணம் பிந்தி வரும். அது தவறா, வேண்டுமென்றே செய்ததா? எஞ்சினியரிங் ஹாஸ்டலில் நானும் ரூம்மேட்டும் மூன்று வருடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். தவறு என்பான் அவன். வேண்டுமென்றேதான் என்பேன் நான். நியூட்டன் விதிகளைக்கூட அவ்வளவு தீவிரமாக நாங்கள் விவாதித்ததில்லை.

உள்ளே விடும்முன் ஒரு பெண் விதிகளை வாசித்தார். கையெழுத்து கேட்காதீர்கள், போனை எடுக்காதீர்கள், போட்டோ எடுத்ததும் வலப்பக்கமாக வெளியேறுங்கள். நாங்கள் 80 பேர், இருந்தது 25 நிமிடம். வரிசையில் நிற்கும் மென்பொருள்காரனுக்கு வேறென்ன வேலை, கணக்குப் போட்டேன். ஆளுக்கு 18.75 நொடி. எங்கள் தொழிலில் இதை த்ரூபுட் என்போம், சர்வருக்கு. என் முறை வந்தது. டிரம்மர் "ஹே மேன்" என்றார். நான் "பிக் ஃபேன்" என்றேன். ஃபிளாஷ் அடித்தது. தோளில் கை.

அன்றிரவு வாட்ஸப்பில் ரூம்மேட் கேட்டான்: "கேட்டியாடா?"

"டைம் இல்ல மச்சி."

ஏமாந்தவனின் புலம்பல் இது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. சொன்ன அட்டை வந்தது, போஸ்டர் வந்தது, போட்டோ வந்தது. ஒப்பந்தம் அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. என் புகாரே அதுதான். சந்திப்பு என்றால் இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் அதை நீட்டலாம், யார் வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். விலை போட்ட நிமிடத்தில் இரண்டு உரிமையும் போய்விடுகின்றன. சுவாரசியமான ஆள் எதிரே வந்தாலும் டிரம்மரால் இன்னும் இரண்டு நிமிடம் பேச முடியாது, பின்னால் நிற்பவனும் பணம் கட்டியிருக்கிறான். அன்றைக்கு அவருக்குத் தலைவலி என்றாலும் எழுந்து போக முடியாது. விற்கிறவர் நொடியை அளந்தாக வேண்டும், வாங்குகிறவர் அளவு சரியா என்று பார்த்தாக வேண்டும். ரேஷன் கடையில் நட்பு வளர்வதும் இப்படித்தான்.

2014இல் பிரேசிலில் அவ்ரில் லவீன் ரசிகர்களோடு எடுத்துக்கொண்ட போட்டோக்கள் இணையமெங்கும் கேலியாகச் சுற்றின. ஓர் ஆள் இடைவெளி விட்டு, ஒட்டாமல், பாஸ்போர்ட் ஆபீஸில் நிற்பதுபோல நிற்கிறார்கள். சுமார் 400 டாலர் கொடுத்தார்கள் என்று செய்திகள் வந்தன. எல்லோரும் பாடகியைத் திட்டினார்கள். எனக்கென்னவோ அந்தப் படங்களில் இரு தரப்பையும் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அடுத்து 2016 மார்ச்சில் ஜஸ்டின் பீபர் தன் சுற்றுப்பயணத்தில் இந்தச் சந்திப்புகளை நிறுத்திவிட்டார். மற்றவர்களை மகிழ்விக்கப் போய்த் தான் வற்றிப்போய்ச் சோர்ந்துவிடுவதாகச் சொன்னார். அதற்கும் திட்டினார்கள். பணம் கட்டிய பிறகு ஒருவரின் சோர்வுகூட சேவைக் குறைபாடு ஆகிவிடுகிறது.

இந்த வியாபாரத்தை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனது ஜப்பான். டோக்கியோவின் அகிஹபாராவில் ஒரு கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடி அரங்கில், 2005 டிசம்பரில் ஏகேபி48 என்ற பெண்கள் பாடற்குழு தொடங்கியது. நீங்கள் நேரில் போய்ச் சந்திக்கக்கூடிய நட்சத்திரங்கள் என்பதுதான் அதன் விளம்பரமே. சுமார் 250 பேர் கொள்ளும் அரங்கம், எட்டிப்பிடிக்கும் தூரத்தில் மேடை. யோசனை அழகாகத்தான் இருந்தது. பிறகு குழு வளர்ந்தது, சிடிக்குள் கைகுலுக்கும் டிக்கெட் வந்தது. ஒரு டிக்கெட்டுக்குச் சில நொடிகள். கூடுதல் நேரம் வேண்டுமா, கூடுதல் சிடி வாங்கு, டிக்கெட்டுகளைச் சேர்த்து நீட்டு. ஒரே சிடியைப் பத்து, ஐம்பது என்று வாங்கினார்கள். நேரம் முடிந்ததும் ரசிகரை நகர்த்த ஓர் ஆள் பக்கத்தில் நிற்பார். அவருக்கு அங்கே 'ஹகாஷி' என்று பெயர், உரித்தெடுப்பவர். ஒட்டின ஸ்டிக்கரை உரிப்பதுபோல மனிதரிடமிருந்து மனிதரை உரிப்பது அவர் வேலை. நம் ஜரகண்டிக்காரர் இதைக் கேட்டால் சங்கடப்படுவார்.

2014 மே மாதம், இவாதே மாநிலத்தில் நடந்த ஒரு கைகுலுக்கும் நிகழ்ச்சியில் ஒருவன் ரம்பத்தோடு வந்து தாக்கினான். குழுவில் இரு பெண்களுக்கும் ஊழியர் ஒருவருக்கும் காயம். சில வாரங்களில் சோதனைக் கருவிகளோடு நிகழ்ச்சிகள் மீண்டும் ஆரம்பித்தன. காயம்பட்ட இருவரில் ஒருவர் அடுத்த வருடம் குழுவை விட்டு விலகினார். கைகுலுக்கும் நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள முடியாததைத்தான் காரணமாகச் சொன்னார். பாட முடியும், ஆட முடியும், ஆனால் கையைக் கொடுக்க முடியாது என்றால் அந்த வேலையில் இடமில்லை.

இலவசமாகச் சந்தித்தால் மட்டும் ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2016 ஜூனில் ஆர்லாண்டோவில் நிகழ்ச்சி முடிந்து ரசிகர்களைச் சந்தித்துக்கொண்டிருந்த கிறிஸ்டினா கிரிமி என்ற 22 வயதுப் பாடகியை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதன்பின் கலைஞர்கள் பயப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். வாசலில் பையைச் சோதியுங்கள், சந்திக்கவே மாட்டோம் என்றுகூடச் சொல்லுங்கள். ஆனால் விலைப்பட்டியலைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று விற்காதீர்கள். இவாதேயில் நின்றதும் டிக்கெட் வரிசைதான்.

இதைவிட வலுவான எதிர்வாதம் சாப்பாடு. ஸ்ட்ரீமிங்கில் வரும் காசில் பெரும்பாலான இசைக்குழுக்களால் வேனுக்கு டீசல் போட முடியாது. கன்செர்ட்டில் சம்பாதித்தால்தான் உண்டு. சரி, சம்பாதியுங்கள். டி-ஷர்ட் விலையை ஏற்றுங்கள், கையெழுத்துப் போட்ட இசைத்தட்டை விற்றுக்கொள்ளுங்கள், முன்வரிசைக்குக் கூடுதல் டிக்கெட் வையுங்கள், ஒத்திகை பார்க்கக் காசு கேளுங்கள். எல்லாவற்றுக்கும் நான் கார்டைத் தேய்க்கிறேன். அவையெல்லாம் பொருள், இடம். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் பில்லில் சேர்க்காதீர்கள்.

வாஷிங்டனில் 1987இல் தொடங்கிய ஃபுகாஸி என்ற குழு பெரும்பாலும் 5 டாலருக்குத்தான் டிக்கெட் விற்றது. தங்கள் பெயரில் டி-ஷர்ட்கூடப் போடவில்லை. கூட்டத்தில் யாராவது அடுத்தவரை இடித்து அடாவடி செய்தால் பாட்டை நிறுத்துவார்கள், ஓர் உறையில் 5 டாலரைப் போட்டு அவனிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த உறையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உன் காசு உன்னிடம், இனி நீ யாரோ நாங்கள் யாரோ.

ரசிகர்களாகிய நாமும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. கேட்காமல் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுக்கிறோம், ஹோட்டல் லாபியில் காத்திருக்கிறோம், அறை எண்ணைக் கண்டுபிடித்ததை வீரக்கதையாகச் சொல்கிறோம். இந்த விலைப்பட்டியலில் பாதியை எழுதிக் கொடுத்தது நாம்தான்.

ஒரு பேண்டைச் சந்திக்க ஆசையிருந்தால் சின்ன அரங்குகளுக்குப் போங்கள். முதலில் வாசிக்கும், யாருக்கும் பெயர் தெரியாத குழுவை முழுசாகக் கேளுங்கள். அவர்கள் தங்கள் டி-ஷர்ட் மேஜைக்குப் பின்னால் தாங்களே நிற்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் உடனே கேப் புக் பண்ணாதீர்கள். பேச வேண்டாம் என்று முகம் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெங்களூரில் ஒரு பப்பில் அப்படித்தான் நடந்தது. கீழே நாற்பது பேர்கூட இல்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. டிரம்மர், தமிழ்ப் பையன், ஒற்றை ஆளாகப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது மாடி திருப்பத்தில் மூச்சு வாங்க இறக்கி வைத்தபோது கேட்டேன், மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் டிரம்ஸ் பிந்தி வந்ததே, வேண்டுமென்றா?

"ஐயோ, அத கவனிச்சீங்களாண்ணா? ரெக்கார்டிங்ல குச்சி நழுவிருச்சு. கேட்டா நல்லா இருந்துச்சு. இப்ப அதயேதான் ஒவ்வொரு தடவையும் வாசிக்கிறேன், ரொம்பக் கஷ்டம்."

அப்போ தவறா, வேண்டுமென்றேயா? ரூம்மேட்டுக்கு போன் பண்ணினேன். வேறு பேண்ட், வேறு பாட்டு, செல்லாது என்றுவிட்டான்.