ஸ்பாக் சாவுக்கு எதற்கய்யா அமேசிங் கிரேஸ்?

ஸ்டார் ட்ரெக் வெறியர்கள் அடிக்க வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். 1982-இல் வந்த 'த ராத் ஆஃப் கான்' எனக்கும் பிடிக்கும். ஸ்பாக் சாகும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். பிரச்சினையே அடுத்து வருகிற இறுதிச் சடங்கில்தான். ஸ்காட்டி பேக்பைப்பில் 'அமேசிங் கிரேஸ்' வாசிக்கிறார். எல்லோரும் உருகுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஸ்காட்லாந்துக்காரர் பேக்பைப் வாசிக்காமல் நாதஸ்வரமா வாசிப்பார்?" என்பீர்கள். கருவி சரி, பாட்டு? எழுதிய ஜான் நியூட்டன் இங்கிலாந்துக்காரர். இன்று நாம் கேட்கும் மெட்டோடு அது சேர்ந்தது 1835-இல், அமெரிக்காவில். பேக்பைப்பில் அது பட்டிதொட்டியெங்கும் ஒலித்ததோ 1972-இல், ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் ராணுவ இசைக்குழுவின் இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது. படத்துக்குப் பத்தே வருஷம் முன்னால். இதுவா காலங்காலமான மரபு?

சரி, பொருளுக்கு வருவோம். நியூட்டன் அடிமைக் கப்பல் கேப்டன். 1748-இல் புயலில் தப்பினார், மனம் மாறினார், உடனே தொழிலை விட்டார் என்று ஒரு கதை ஓடுகிறது. சுத்தப் புருடா. புயலுக்குப் பிறகுதான் அவர் கேப்டனாகவே ஆனார். 1754 வரை மனிதர்களைச் சரக்காக ஏற்றினார். பாட்டு 1772-இல் எழுதியது. அடிமை வணிகத்தை எதிர்த்துப் புத்தகம் போட்டது 1788-இல். காமர்ஸ் மாணவனாகச் சொல்கிறேன், இது வரவு வைக்க முடியாத கடன். தகுதியில்லாத பாவிக்குக் கிடைத்த மன்னிப்பு, அதுதான் அந்தப் பாட்டு.

ஸ்பாக் என்ன பாவம் செய்தார்? கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்ற, கணக்குப் போட்டு, தெரிந்தே கதிர்வீச்சுக்குள் போனவர். பாதி வல்கன். அவருடைய பெருமையே அந்தத் தர்க்கம்தான். அவர் பாடையில் மனிதப் பாவியின் பாட்டைக் கட்டி அனுப்புவது மரியாதையா?

"வார்த்தையே இல்லையே, வெறும் மெட்டுதானே" என்றால், அதுதான் என் புகாரும். அழ வைக்கிற ஸ்விட்ச் மாதிரி தட்டியிருக்கிறார்கள். அந்த ஸ்விட்சைப் புரிந்துகொண்டு பயன்படுத்திய படம் ஒன்று உண்டு: 1978-இல் வந்த 'இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸ்'. தப்பி ஓடும் நாயகன் காதில் துறைமுகத்திலிருந்து இதே மெட்டு விழுகிறது. கப்பல் இருக்கிறது, பிழைத்தோம் என்று ஓடுகிறான். அங்கே வேற்றுலக விதைக்கூடுகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்!

இசை கேட்டதும் இளகுகிற நம் பழக்கத்தையே பொறியாக்கியது அந்தப் படம். மனித சரக்கு ஏற்றியவரின் பாட்டு, மனித இனத்தையே அழிக்கிற சரக்கு ஏறும் கப்பலிலிருந்து கேட்கிறது. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, பொருந்துகிறது.

இருபத்துமூன்றாம் நூற்றாண்டைக் கற்பனை செய்கிறவர்களுக்குச் சாவு வீட்டுக்கு ஒரு புது மெட்டு கற்பனை செய்ய வராதா? வார்ப் எஞ்சின் மட்டும் வருமாக்கும்! :-)