கோல் எண்ணிக்கை மட்டும் திறமையாகுமா?

இளையோர் ஹாக்கி அணிக்கு விளையாட்டாளர்களைத் தேர்ந்தெடுப்பது எளிய பணியன்று. இடங்கள் சில, விரும்புவோர் பலர். இந்நிலையில், சென்ற ஆண்டு சிறப்பாக ஆடிய ஒருவர் இவ்வாண்டு சோபிக்கவில்லை என்றால், அவருடைய பெயர் பட்டியலிலிருந்து விரைவில் விடுபட்டுப் போகிறது. ‘கோல் அடிக்கவில்லை, ஆகவே திறமை இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகின்றனர். 15 வயதில் எடுக்கப்படும் அம்முடிவு, ஒரு மாணவர் மட்டையை நிரந்தரமாகக் கீழே வைப்பதற்குக் காரணமாகிவிடலாம். எனவே, ஒரு பருவத்து ஆட்டத்தை மட்டும் கொண்டு இளம் விளையாட்டாளரின் எதிர்காலத்தை மதிப்பிடுவது சரியன்று.

பினாங்குத் தீவின் மேற்கே உள்ள பாலிக் புலாவ், டுரியானுக்கு மட்டுமன்றி ஜாதிக்காய்க்கும் பெயர் பெற்ற ஊர். விதையிலிருந்து வளரும் ஜாதிக்காய்க் கன்று காய்க்கும் மரமா, காய்க்காத ஆண் மரமா என்பதை அதன் இலையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 5 முதல் 8 ஆண்டுகள் ஆகலாம். கன்றுக்கே இவ்வளவு பொறுமை தேவைப்படும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் மாணவருக்கு அது தேவையில்லையா?

இளம் விளையாட்டாளரின் ஆட்டம் தளர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. வளரிளம் பருவத்தில் உயரம் திடீரெனக் கூடும்போது, கைகால்களின் ஒத்திசைவு சில காலம் தடுமாறலாம். பிறந்த மாதமும் ஒரு காரணமாகும். பிறந்த ஆண்டைக் கொண்டு வயதுப் பிரிவுகள் அமையும்போது, ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் மோதுகின்றனர். அவர்களுக்கிடையே ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கிறது. கனடாவின் இளையோர் பனி ஹாக்கி அணிகளை 1980களில் ஆராய்ந்தவர்கள், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அவற்றில் மிகுதியாக இருப்பதைக் கண்டறிந்தனர். முன்னதாகப் பிறந்ததால் கிடைத்த உடல்வலிமை திறமையாகக் கருதப்பட்டது என்பதே இதன் பொருள்.

ஆடுகளமும் ஆட்டத்தை மாற்றிவிடும். 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியா வாகை சூடியது. மலேசியா நான்காம் இடத்தைப் பிடித்தது. அப்போட்டி புல்தரையில் நடந்தது. அடுத்த ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை பயன்படுத்தப்பட்டது. அங்கு இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாம் இடமே. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனினும், பந்து விரைந்தோடும் புதிய தரை பெரும் சவாலாக இருந்தது. உலக வெற்றியாளர்களுக்கே இந்நிலை என்றால், பள்ளித் திடலின் புல்தரையில் பழகிய மாணவர் செயற்கைத் தரையில் முதலில் திணறுவது வியப்பன்று.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், இளம் பனி ஹாக்கி விளையாட்டாளர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படித் தேர்ந்தெடுக்கின்றன. 1993இல் முதலாவதாகத் தேர்வான அலெக்ஸாண்டர் டேக் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. 1998இல் 171ஆவதாகத் தேர்வான பவெல் தட்சுக் சிறந்த விளையாட்டாளராக உயர்ந்தார். குள்ளமானவர் என்று கருதப்பட்ட மார்ட்டின் செயின்ட் லூயியை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவே இல்லை. அவரே 2004இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த விளையாட்டாளர் விருதைப் பெற்றார்.

இதற்கு மறுப்பும் உண்டு. பயிற்சிக்கான நேரமும் நிதியும் அளவானவை. முன்னேறாத ஒருவரைத் தக்கவைத்தால் தகுதியுள்ள மற்றொருவர் வாய்ப்பை இழப்பார் என்பர். இது நியாயமான வாதம். தாமதமாக வென்றவர்களின் பெயர்களே நினைவில் நிற்கின்றன. காத்திருந்தும் வெல்லாதவர்கள் மிகப் பலர். பூத்த பின்னரும் காய்க்காத மரங்களில் பலவற்றைத் தோட்டக்காரர் நீக்கத்தான் செய்கிறார். எனவே, அனைவரையும் என்றென்றும் அணியில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

அவ்வாறெனில், தேர்வாளர் எதைப் பார்க்க வேண்டும்? கோல்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், பந்து தம்மிடம் இல்லாத நேரத்தில் மாணவர் எங்கே நிற்கிறார், பந்தை இழந்தவுடன் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய காயம், உயர வளர்ச்சி, பிறந்த மாதம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். சொன்ன திருத்தத்தை அடுத்த பயிற்சியில் கடைப்பிடிக்கிறாரா என்று ஆராய வேண்டும். நீக்க நேர்ந்தால், காரணத்தையும் மறுதேர்வு நாளையும் அவரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும்.

பட்டியலில் பெயர் இல்லாதது அவ்வாண்டின் முடிவு மட்டுமே. அதனை வாழ்நாள் தீர்ப்பாக மாற்றாமல் பார்த்துக்கொள்வது பயிற்றுநர், பள்ளி, பெற்றோர் ஆகிய மூவரின் பொறுப்பாகும்.