களம் புதுசு, சரி... கதை?

திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ ஒரு பழைய வாடகை நூல் நிலையத்தின் அலமாரியை நினைத்துப் பாருங்கள். ராஜேஷ்குமாருக்குப் பக்கத்தில் சாண்டில்யன், மேல் தட்டில் ரமணிசந்திரன், மூலையில் அட்டை கிழிந்த ஜெயகாந்தன். புத்தகம் எடுத்துப் போகிறவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. திங்கட்கிழமை கொலை, வியாழக்கிழமை காதல், ஞாயிற்றுக்கிழமை சோழ நாடு. குழப்பமெல்லாம் விமர்சனம் எழுதுகிறவருக்குத்தான்.

தமிழில் நாவல் விமர்சனம் என்ற பெயரில் பெரும்பாலும் இரண்டு சரக்குதான் ஓடுகிறது. முதலாவது கதைச்சுருக்கம். யார் செத்தார், யார் துப்பறிந்தார் என்று சொல்லிவிட்டு, கடைசியில் 'செம விறுவிறுப்பு' என்று ஒரு முத்திரை. பேரேட்டை நகலெடுத்துக் கொடுத்தவரை யாராவது தணிக்கையாளர் என்பார்களா? இரண்டாவது, இலக்கியப் பந்தி. இங்கே துப்பறியும் நாவல் என்றாலே இலையை மடக்கிவிடுவார்கள்.

இந்த ஒதுக்கலுக்கு ஒரு நியாயம் இருந்தது. பத்திரிகைத் தொடர்கதைகளே நாவல் என்று ஆகிவிட்ட காலத்தில் க.நா.சு. எதிர்நீச்சல் போட்டு நல்ல நாவல்களைத் தேடிச் சொன்னார். அவர் செய்தது தரம் பிரிக்கும் வேலை. பின்னால் வந்தவர்கள் தரத்தை விட்டுவிட்டு வகையை மட்டும் பிரித்து உட்கார வைத்துவிட்டார்கள். ஜெயமோகன் தன் நாவல் பரிந்துரையில் பொழுதுபோக்கு நாவல்களுக்கும் ஒரு வரிசை கொடுத்தார், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதுவும் தனிப் பந்தி!

ராஜேஷ்குமார் 1500-க்கு மேல் நாவல்கள் எழுதியிருக்கிறார். அவ்வளவையும் குப்பை என்று தள்ளுவது சுலபம், அவ்வளவையும் மன்னன் என்று கொண்டாடுவதும் சுலபம். அதில் உருப்படியானவை எவை, ஏன் என்று பிரித்துச் சொல்ல எத்தனை பேர் முன்வந்தார்கள்? துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளைத் திறந்தே பார்க்காமல் 'கழிவுச் சரக்கு' என்று எழுதும் சுங்க அதிகாரியை வேலையில் வைப்பார்களா?

வகை நாவலுக்கு விதி உண்டு. துப்பறியும் கதை என்றால் தடயம் வாசகர் கண்முன் இருக்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் வானத்திலிருந்து கொலைகாரன் குதிக்கக் கூடாது. 1981-இல் குமுதத்தில் வந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நடந்தது பேயா விஞ்ஞானமா என்ற தராசை முடிவு வரை சாயவிடாமல் பிடித்திருக்கிறது. அது எப்படி நின்றது என்று அலசாமல் 'சுஜாதா நடை, சுஜாதா நடை' என்று ஜல்லியடித்தே காலம் போய்விட்டது.

இதே சோம்பேறித்தனம் 'உயர்ந்த' பந்தியிலும் உண்டு. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-இல் வந்தது. பரதவர் வாழ்க்கை, வட்டார வழக்கு என்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்தார்கள். அதன் முதுகெலும்பே நடுக்கடலில் தத்தளிக்கும் மூன்று பேர்தான்! பிழைப்பார்களா என்ற பதைப்பில் வாசகரைத் தொங்கவிட்டுவிட்டு, அரை நூற்றாண்டுக் கதையை இடையில் ஓட்டுகிறார். இது சாகசக் கதையின் உத்தி. காசிமேட்டில் கடலுக்குப் போய்வருகிறவர் இதைப் படித்தால் முதலில் இதைத்தான் பேசுவார். விமர்சகர் இதைத் தொட்டால் தீட்டு :-)

வடசென்னைக்காரர் எழுதினால் கதை இன்னும் மோசம். கரன் கார்க்கி 'கறுப்பர் நகரம்' எழுதினார் என்றால் 'புதிய களம், அசலான வாழ்க்கை' என்று முதுகில் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். களம் யாருக்குப் புதுசு? தண்டையார்பேட்டையில் பிறந்தவருக்கு அது தினம் நடக்கிற தெரு. பாத்திரம் நிற்கிறதா, எந்த அத்தியாயம் தொய்கிறது, காதல் நம்பும்படி இருக்கிறதா என்று மற்றவர்களிடம் கேட்பதை இவரிடமும் கேட்பதுதான் மரியாதை. பரிதாப மதிப்பெண் யாருக்கு வேண்டும்?

அந்தப் பக்கம் பாருங்கள். பாக்கெட் நாவலிலும் சினிமாவிலும் அடியாள் தேவைப்பட்டால் உடனே ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி. அவனுக்கு வீடு கிடையாது, வேலை கிடையாது, கையில் கத்தி மட்டும். இதைத் தட்டிக் கேட்கும் இடம் மதிப்புரைதான். ஆனால் அந்த நாவல்களை மதிப்புரைக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கியாயிற்றே, யார் கேட்பது?

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இதை நாளைக்கு ஒரு எண்ணூர்ப் பெண் பரபரப்பான திகில் நாவலாக எழுதுகிறார் என்று வையுங்கள். குழாய் எங்கே விரிசல் விட்டது, யாருக்கு முன்பே தெரியும் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் முடிச்சுப் போடுகிறார். விறுவிறுப்பாக இருப்பதால் இலக்கியப் பந்தியில் இலை கிடையாது. கொலைகாரன் ஒரு தனி ஆள் இல்லை என்பதால் கிரைம் ரசிகரும் உதட்டைப் பிதுக்குவார். அந்தப் புத்தகத்துக்கு யார் விமர்சனம் எழுதப் போகிறார்கள்?