"கலியாணம் கட்டினால் சரிவந்துவிடும்": பெற்றோர் ஒளித்துவைக்கும் ஓர் அறிக்கை

புலம்பெயர் மண்ணில் எம்மவர் திருமணம் பேசுகையில் சாதகம் பார்க்கப்படுகிறது, ஊர் விசாரிக்கப்படுகிறது, மாப்பிள்ளையின் வதிவிட உரிமையும் வீட்டுக்கடனும்கூட ஆராயப்படுகின்றன. செவ்வாய் தோஷத்தை மறைத்தார்கள் என்று சம்பந்தி வீட்டாருடன் ஆண்டுக்கணக்கில் முகம் முறித்துக்கொள்வோர் உண்டு. ஆனால், பாடசாலைக் காலத்திலேயே மகனுக்கு ஏடிஎச்டி என மருத்துவர் எழுதிக்கொடுத்த அறிக்கையை அலமாரியின் அடித்தட்டில் ஒளித்துவைப்பது மட்டும் பெற்றோரின் சாமர்த்தியமாகக் கொள்ளப்படுகிறது. "கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவந்துவிடும்" என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம்.

சரிவருவதில்லை. கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு எனத் தமிழில் வழங்கும் இது வளர்ப்பின் பிழையோ ஒழுக்கக்கேடோ அன்று. மூளையின் வளர்ச்சி சார்ந்தது. ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902இலேயே இலண்டனில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரையாற்றினார். இரட்டையர் ஆய்வுகள் இதில் பரம்பரையின் பங்கை 70 முதல் 80 விழுக்காடு எனக் கணிக்கின்றன. "சின்னப்பிள்ளைகளின் குழப்படி" என்று ஒதுக்கப்படும் இது, வயது வந்தோரில் நூற்றுக்கு இருவர் மூவரிடமேனும் தொடர்கிறது.

ரொறன்ரோவில் வாழும் இளந்தம்பதியர் இருவரின் ஒரு வாரத்தை எண்ணிப்பாருங்கள். பராமரிப்பு நிலையத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவரக் கணவன் மறக்கிறான். வங்கியில் பணம் இருந்தும் வாகனக் காப்புறுதி கட்டப்படாமல் கிடக்கிறது. மனைவி பேசிக்கொண்டிருக்கையிலேயே அவன் கண்கள் கைப்பேசிக்குப் போகின்றன. அதே மனிதன் கணினி விளையாட்டின் முன் நான்கு மணிநேரம் அசையாது இருக்கிறான். "விரும்பினால் முடிகிறதே! அப்படியாயின் என்மீதுதான் அக்கறையில்லை" என்று அவள் முடிவுகட்டுகிறாள். குடும்பம் உடையத் தொடங்கும் இடம் இதுவே. இக்குறைபாட்டில் கவனம் இல்லாமற் போவதில்லை. அதை வேண்டியபோது வேண்டிய பக்கம் திருப்பும் கடிவாளமே தளர்ந்திருக்கிறது. இதை எவரும் சொல்லாததால் அவள் முதலில் நினைவூட்டுகிறாள், பின்னர் கண்டிக்கிறாள், ஈற்றில் கணவனுக்குத் தாயாகிவிடுகிறாள். தாயாக்கப்பட்டவளிடம் காதலை எதிர்பார்ப்பது எங்ஙனம்? பெரியவர்களோ, "கொஞ்சம் பொறுத்துப் போ, பிள்ளை" என்று அவளுக்கே புத்தி சொல்கிறார்கள்.

அதற்காக, நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டதென்று கணவன் கைகட்டி இருப்பதும் ஏற்கத்தக்கதன்று. நினைவூட்டும் வேலையை மனைவியிடமிருந்து கழற்றிக் கைப்பேசியின் மணியிடமும் சுவர் நாட்காட்டியிடமும் ஒப்படைப்பது அவன் கடமை. கட்டணங்கள் வங்கியிலிருந்து தாமாகவே கழியுமாறு ஒழுங்கு செய்ய அரைமணி நேரம் போதும். மீதைல்பெனிடேற்று போன்ற மருந்துகள் பலருக்குப் பயன் தருகின்றன. ஆயினும், காலையில் எடுத்த மருந்தின் வீச்சு மாலையில் அடங்கிவிடுவதுண்டு. அலுவலகம் கூர்மையான மனிதனைப் பெறுகிறது. மனைவிக்கு வாய்ப்பது மிச்சம். இதனை மருத்துவரிடம் சொல்லி நேரத்தையும் அளவையும் சீர்செய்யலாம். குடும்பக் கணக்கு வழக்குகளை இரவு பத்து மணிக்குப் பேசாமல் சனிக்கிழமைக் காலையில் பேசலாம்.

எமது சமூகத்திற்கேயுரிய சிக்கல் ஒன்றும் உண்டு. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தோரிடம் தூக்கமின்மையும் மனம் ஒருநிலைப்படாமையும் வேறு காரணத்தாலும் இருக்கக்கூடும். 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும் என்கிறது. சிறுவயதில் நடந்ததை அறிந்தவர் தாயும் தந்தையுமே. அவர்கள் வாய்திறக்காவிடின் மருத்துவர் எதைக்கொண்டு பிரித்தறிவார்?

பெண்பிள்ளைகளின் நிலை இதைவிடக் கொடிது. ஓடியாடிக் குழப்படி செய்யாமல் யன்னலை வெறித்தபடி இருந்த சிறுமியை எந்த ஆசிரியரும் கவனிப்பதில்லை. மணமான பின் அடுப்பில் கறி கருகும்போது "வீடு நடத்தத் தெரியாதவள்" என்ற பட்டம் மாமியாரிடமிருந்து வந்துசேர்கிறது. ஆண் மறந்தால் வேலைப்பளுவாம். பெண் மறந்தால் வளர்ப்புச் சரியில்லையாம்!

ஆண்டுதோறும் மண்டபம் எடுத்துக் கலைவிழா நடத்தும் எமது சங்கங்கள், தமிழ் பேசும் மனநல மருத்துவர் ஒருவரை அழைத்து ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கட்டும். பெற்றோர் முன்வரிசையில் அமரட்டும். மணப்பேச்சு நடக்கும் வீட்டில் அந்த அறிக்கை, சாதகக் குறிப்புடன் சேர்த்தே மேசைக்கு வரட்டும்; அதை மேசையில் வைப்பவர் தாயாகவோ தந்தையாகவோ அன்றி, மணம் செய்யப்போகும் அந்தப் பிள்ளையாகவே இருக்கட்டும்.